விசுக்கோத்துக்குப் பாதிப் பென்சன்

கரட்டைக் கடித்துப் பார்க்காமல் அல்போன்சம்மா வாங்குவதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வரும் வழியில் மரக்கறிக் கடைக்குள் நுழைவார். குவித்து வைத்திருப்பதில் ஒன்றை இழுத்து, ஜக்கெற்றின் கையில் துடைத்து, நுனியைக் கடக்கென்று கடிப்பார். கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். இனிப்பில்லை என்றால் முழுப் பெட்டியையும் கையால் தள்ளிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவார். கடைக்காரர் டனிஸ்ரன் தராசுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

“அக்கா, கடிச்சதையும் சேர்த்து நிறுக்கட்டோ?”

“நிறுமன். இனிக்காத கரட்டைக் கடிக்க வைச்சதுக்கு நீர்தான் எனக்குத் தரவேணும்.”

“குதிரைக்குத்தானே அக்கா. அதுக்கென்ன ருசி தெரியப்போகுது?”

“உமக்குத் தெரியேல்லை எண்டதுக்காக அதுக்கும் தெரியாதோ?”

ஆம், குதிரைக்குத்தான். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில், இரண்டு அறை வீட்டில் இருக்கிற அல்போன்சம்மாவுக்கு ஒரு குதிரை இருக்கிறது.

வயது அறுபத்திரண்டு. மன்னார்க்காரி. ஐந்தடிக்கு இரண்டு விரல் குறைவு. சென்ட் லோரன்டில் உள்ள ஒரு மருந்துத் தொழிற்சாலையில், போத்தல்களுக்கு மூடி ஒழுங்காக இறுகியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை, பதினெட்டு வருடங்களாக. நாள் முழுக்கப் பிழை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவர், வீட்டுக்கு வந்தும் அந்த வேலையை விடுவதில்லை. பனிக்காலத்தில் படிக்கு உப்புப் போடாத வீட்டுக்காரன், முன்னைவிடச் சின்னதாகிவிட்ட பாண், பிந்தி வருகிற பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான்: “இது என்ன நியாயம்?” அவருடைய கணவர் கிறிஸ்தோப்பர் இரவு வேலைக்குப் போகிறவர். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முப்பது வருடங்களாகப் பழகியவர்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் படியில் தொப்புத் தொப்பென்று சத்தம் கேட்கும். கிறிஸ்தோப்பரின் பழைய ரப்பர் சப்பாத்து. அளவு பெரிது என்பதால் உள்ளே இரண்டு சோடி காலுறை. பஸ்ஸில் மெற்றோவுக்குப் போய், மெற்றோவில் ஒரு தடவை மாறி, பிறகு இன்னொரு பஸ் பிடித்து, மொன்றியல் தீவின் மேற்கு நுனியில் இருக்கிற சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இறங்கி, இருபது நிமிடம் நடந்தால் லாயம். போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். அங்கே குதிரையைத் தேய்ப்பார். குளம்புக்குள் அடைந்த சேற்றைக் கொக்கியால் தோண்டி எடுப்பார். கரட்டை நீளவாக்கில் கீறிக் கொடுப்பார். வட்டமாக வெட்டினால் தொண்டையில் அடைக்குமாம். பிறகு ஒரு மணித்தியாலம் அதனுடன் கதைத்துவிட்டு வருவார். ஏறினதில்லை. ஒரு நாளும் ஏறினதில்லை.

“நான் அதிலை ஏறி எங்கை போறது? எனக்கு மெற்றோப் பாஸ் இருக்கு.”

வரும்போது கையில் ஓர் அரிசிப் பை இருக்கும். உள்ளே காய்ந்த எரு. மெற்றோவில் அவருக்கு இரண்டு பக்கமும் இருக்கை தானாகக் காலியாகும். இந்த எரு எங்கே போகிறது என்று கேளுங்கள். பனிக்காலம் முழுவதும் யன்னலோரத்தில் வைத்துக் கறிவேப்பிலை வளர்க்கிற எங்கள் சனத்தில் அரைவாசிப் பேரின் சாடிக்குள் போகிறது. வாங்கும்போது “அக்கா, அக்கா”. மரம் தழைத்த பிறகு, முதுகுக்குப் பின்னால் “குதிரைக்காரி”. என் கறிவேப்பிலையும் அந்த எருவில்தான் நிற்கிறது. அதனால் கூச்சப்படாமல் சொல்கிறேன்: நன்றி கெட்ட சனம்.

குதிரை அவர் கேட்டு வந்ததல்ல. ஒரே மகள் றொஷினி பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தோடு அந்த லாயத்தைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது அவள் வாயில் வேறு கதை இல்லை. சனி ஞாயிறுகளில் எரு அள்ளி, அதற்குக் கூலியாகச் சவாரி பழகினாள். பதினாறு வயதில், அவள் பழகிய குதிரையை லாயத்துக்காரி விற்கப்போவதாகத் தெரிந்ததும், மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அல்போன்சம்மா காப்புச் செய்ய வைத்திருந்த சீட்டுக் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிள்ளைக்குப் பதினெட்டு ஆகவில்லை என்பதால் பத்திரம் தாயின் பெயரில் எழுதப்பட்டது. காப்பை வாங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைத்திருந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். குதிரை வாங்கினதற்கு எட்டு வருடமாகக் கேட்கிறார்கள்.

மண்ணிறப் பெண் குதிரை. நெற்றியில் நீளமாக ஒரு வெள்ளைக் கீறு. பிரெஞ்சில் அதன் பெயர் பிஸ்கொத். அல்போன்சம்மாவின் வாயில் முதல் நாளே அது விசுக்கோத்து ஆகிவிட்டது. “அதுவும் விசுக்கோத்துத்தானே? பேந்தென்ன.” இப்போது குதிரையே அந்தப் பெயருக்குத்தான் திரும்பும்.

இரண்டு வருடத்துக்கு முன் றொஷினி வேலை கிடைத்து வான்கூவருக்குப் போனாள். பிள்ளை போன அடுத்த சனிக்கிழமை, “ஒருக்காப் பாத்திட்டு வாறன்” என்று போனவர்தான். பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கத்தோலிக்கக் கோயிலின் ஞாயிறு தமிழ்ப் பூசைக்கும் அவர் தவறினதில்லை. பிந்திப் போனதும் இல்லை. முன்னிருந்து மூன்றாம் வாங்கில்தான் உட்காருவார், நடுப்பாதை ஓரம். அங்கிருந்து திரும்பினால் பிந்தி வருகிற எல்லாரும் தெரியும். போன பனிக்காலம், மண்டப அலங்காரம் செய்கிற அருமைநாதன் தன் மகனின் ஹொக்கி விளையாட்டுக்காக இரண்டு ஞாயிறு பூசைக்கு வரவில்லை. மூன்றாம் ஞாயிறு கோயில் வாசலில், அத்தனை பேருக்கு முன்னால், அல்போன்சம்மா அவரைப் பிடித்துக்கொண்டார். “ஆண்டவர் உம்மட்டை முழு நாளும் கேக்கேல்லை, தம்பி. ஒரு மணித்தியாலம்தானே! அதையும் ஐசிலை தட்டி விளையாடக் குடுத்திட்டீரோ?” நான் சைவ சமயம், ஆனால் அந்த வசனம் எங்கள் கட்டடம் வரைக்கும் வந்து சேர்ந்தது.

செப்டம்பர் கடைசியில் அவர் பெயருக்குப் பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தது. அல்போன்சம்மாவின் பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு. எண்கள் தெரியும், ‘கெதியா’ தெரியும், ‘போ’ தெரியும், வசவு முழுக்கத் தெரியும். கடிதத்தில் அவருக்கு இரண்டு விஷயங்கள் பிடிபட்டன: பென்சன் என்ற சொல், அது கூடுகிறது என்பது. அந்த வருடம்தான் தன் பென்சனுக்கு விண்ணப்பித்துவிட்டு, ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் வரவே தொடங்கேல்லை, அதுக்குள்ளை கூட்டிப்போட்டாங்கள். கியூபெக் அரசாங்கத்தைச் சும்மா ஏசிப்போட்டம், பிள்ளை” என்று என் வாசலில் வந்து சொன்னார்.

அந்தோனியாருக்கு மெழுகுதிரி. ஞாயிறு பூசை முடிந்து பங்குச் சனம் எல்லாருக்கும் கடலை வடை. அறுபது வடை, என் வீட்டு எண்ணெயும் அதில் போனது. திங்கட்கிழமை பின்னேரம் கடிதத்தைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். மகள் உடனே கூப்பிட்டாள்.

“அம்மா, இது உங்கட பென்சன் இல்லை. விசுக்கோத்தின்ர பென்சன்.”

பிரெஞ்சில், குதிரை லாயத்தில் தங்கிச் சாப்பிடுவதற்குக் கட்டுகிற காசுக்கும் பென்சன் என்றுதான் பெயராம். இதுவரை அந்தக் கடிதங்கள் மகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன; இது மட்டும் பத்திரத்தில் இருக்கிற பெயருக்கு வந்திருந்தது. நவம்பரில் இருந்து அந்தக் காசு கூடுகிறது என்று லாயத்துக்காரி மடம் லிஸ் அறிவித்திருந்தார்.

“குடுக்கிறதுக்கும் பென்சன், வாங்கிறதுக்கும் பென்சனோ? ரெண்டுக்கும் ஒரே பேரை வைச்சா மனிசர் என்னெண்டு சீவிக்கிறது? இது என்ன நியாயம்? வடையைத் திருப்பிக் கேக்கேலுமோ இப்ப?”

வடையை விடப் பெரிய செய்தி அதன் பின்னால் வந்தது. இதுவரை குதிரைச் செலவில் பாதியைக் கட்டி வந்த றொஷினி இனிக் கட்ட முடியாது என்றாள்.

“இஞ்சை வாடகையே என்னை விழுங்குது அம்மா. ஒண்டில் வில்லுங்கோ, இல்லாட்டி லீசுக்குக் குடுங்கோ. நீங்களே டிசைட் பண்ணுங்கோ. பேப்பர் உங்கட பேரிலைதானே.”

“கேட்டு அழேக்கை உன்ர குதிரை. விக்கேக்கை என்ர பேரோ?”

“நீங்கள் ஏறுறதும் இல்லையே அம்மா. சும்மாதானே நிக்குது.”

அந்தச் ‘சும்மா’வை அல்போன்சம்மா இன்னும் மன்னிக்கவில்லை. “சும்மாவாம்! ரெண்டு வருசமாக் குளம்பு தோண்டினது ஆர்? மழைக்குள்ளை போர்வை போட்டது ஆர்? சும்மா நிக்கிறது குதிரையில்லை, வான்கூவரிலை நிக்கிற அவதான்!” றொஷினி நல்ல பிள்ளைதான். மாதம் தவறாமல் காசு அனுப்பினாள், அதை மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் ஆசைக்குப் பெற்றவர்கள் பத்திரத்தில் கையெழுத்து வைப்பதும், ஆசை இடம் மாறியவுடன் பத்திரத்தைக் காட்டுவதும் எனக்கும் பிடிக்கவில்லை. என் வீட்டிலும் ஒரு பியானோ நிற்கிறது.

செய்தி பரவியதும் புத்தி சொல்ல வந்தவர்களுக்குக் குறைவில்லை. முதலில் வந்தவர் அருமைநாதன்.

“அக்கா, விக்கவும் வேண்டாம், லீசும் வேண்டாம். எனக்கு மாசம் ரெண்டு தரம் தாங்கோ. பெட்டையள் பெரியபிள்ளையாகிற சாமத்திய வீட்டுக்குப் பிள்ளையைத் தேரிலை மண்டபத்துக்குக் கொண்டு வருவம். ரொறன்ரோவிலை இப்ப அப்பிடித்தான்.”

“அது மண்ணிறம்.”

“வெள்ளை ஸ்பிரே இருக்கு அக்கா. கழுவினாப் போயிடும்.”

“உமக்கு வெள்ளை அடிச்சுத் தேரிலை கட்டுவம். நீரும் கழுவினாப் போயிடுவீர்.”

மொன்றியலுக்குள் குதிரை வண்டியே ஓடக்கூடாது என்று சட்டம் வந்து வருடங்களாகிவிட்டன. அதைக்கூட விசாரிக்காமல் ஸ்பிரேயை விசாரித்து வைத்திருக்கிறார் மனிதர்.

மடம் லிஸ் இரண்டு வழி சொன்னார். ஒன்று, வடக்கே மலைப்பக்கத்தில் இருந்து ஒரு கிழவர் குதிரை தேடுகிறார். நல்ல விலைக்கு விற்கலாம். மற்றது, வாரத்தில் மூன்று நாள் வேறொருவர் வந்து சவாரி செய்து, லாயச் செலவில் பாதியைக் கட்டுவது. குதிரை அல்போன்சம்மாவின் பெயரிலேயே இருக்கும். அதற்குப் பிரெஞ்சில் என்ன பெயர் தெரியுமா? பாதிப் பென்சன். அல்போன்சம்மா அந்தச் சொல்லைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

அவருக்கு முதலில் விற்பதுதான் சரியாகப்பட்டது. “லீஸ் எண்டா என்ன? குத்தகை. என்ர ஐயா மூண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்குக் குடுத்தவர். எடுத்தவன் வரம்பு கட்டினவனோ? வாய்க்கால் வெட்டினவனோ? நெல்லை அள்ளிக்கொண்டு போனான், எங்களுக்குப் புல்லை விட்டான். குத்தகைக்காரனுக்கு மற்ற வருசத்தைப் பற்றி என்ன கவலை? வித்தா, அது வாங்கினவன்ர சாமான். கவனமாப் பாப்பான்.” கிறிஸ்தோப்பர் தலையாட்டினார். அவருக்குக் குதிரை என்றால் பயம்.

ஒக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை, ஆளைப் பார்க்க என் காரில் போனோம். எழுபது வயது இருக்கும். சிவப்புத் தொப்பி. குதிரை ஏற்றுகிற இழுவைப் பெட்டியைத் தன் வாகனத்தில் கொழுவிக்கொண்டே வந்திருந்தார். அந்த அவசரமே அல்போன்சம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கிழவர் குதிரையின் கழுத்தைத் தடவினார். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். குனிந்து ஒவ்வொரு காலையும் அமர்த்திப் பார்த்தார். அதுவரைக்கும் அல்போன்சம்மா தலையை ஆட்டிக்கொண்டுதான் நின்றார். பிறகு கிழவர் மடம் லிஸ் பக்கம் திரும்பி என்னவோ கேட்டார்.

“என்ன கேக்கிறான்? கிலோ எண்டவனோ?”

எனக்கும் பிரெஞ்சு அவ்வளவுதான். ஆனால் கிலோ என்ற சொல் எனக்கும் கேட்டது. “ஓம் அக்கா, எத்தினை கிலோ எண்டு கேக்கிறார் போலை” என்றேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

மன்னாரில் அல்போன்சம்மாவின் அண்ணன்மார் ஆட்டு வியாபாரிகள். வளர்க்க வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பான், மடியைப் பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான். நிறை கேட்கிறவன் இறைச்சிக் கடைக்காரன். அது அவருக்குச் சின்ன வயதிலேயே தெரிந்த விஷயம். தேய்க்கிற பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு, ஐந்தடிக்கு இரண்டு விரல் குறைந்த அந்த உடம்பைக் குதிரைக்கும் கிழவருக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“நோ கிலோ! நோ! இது இறைச்சியில்லை, விசுக்கோத்து! அலே! அலே!”

கிழவர் தொப்பியைக் கழற்றினார். மடம் லிஸ் இரண்டு கையையும் தூக்கி என்னவோ விளங்கப்படுத்தப் பார்த்தார். பிரஷ் இறங்கவில்லை. வெறும் பெட்டி கடகடவென்று ஆட, வாகனம் வந்த வழியே போனது. நகரத்துக்கு வரும் வரைக்கும் அல்போன்சம்மா காருக்குள் ஏசிக்கொண்டு வந்தார். நானும் சேர்ந்து ஏசினேன். எனக்கும் அன்று இரத்தம் கொதித்ததுதான்.

இரண்டு நாள் கழித்து றொஷினி லாயத்துக்குக் கதைத்து விஷயத்தை அறிந்தாள். அந்தப் பெட்டி இவ்வளவு கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று கணக்கு இருக்கிறதாம்; அதற்காகத்தான் கேட்டாராம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் வந்து தங்குகிற முகாம் வைத்திருக்கிறவர். அவரிடம் ஐந்து குதிரைகள் வயது போய், அங்கேயே செத்து, அங்கேயே புதைக்கப்பட்டிருக்கின்றனவாம். மனிதர் கோபிக்கவும் இல்லையாம். இன்னும் வாங்கத் தயாராம்.

“ஒரு கோல் எடுத்து சொரி சொல்லுங்கோ அம்மா” என்று மகள் சொல்லிவிட்டு வைத்தாள்.

அல்போன்சம்மா வெறும் பைகளை எடுத்து முக்கோணமாக மடிக்கத் தொடங்கினார். கடைப் பைகளை அப்படி மடித்து அடுக்குவது அவர் வழக்கம். ஏழெட்டு முக்கோணம் ஆனது.

“எடுக்கேல்லையோ அக்கா?” என்று கேட்டேன்.

“சொரி சொன்னா விக்கவேணுமெல்லோ?”

சொன்னதைத் தானே கேட்டுத் திடுக்கிட்டவர் போல உடனே குரலை உயர்த்தினார். “நிறையைக் கடைசியாக் கேட்டிருக்கலாம்தானே? காலைப் பாத்த கையோடை கிலோ கேக்கிறதோ? அது என்ன பழக்கம்?”

அடுத்த சனிக்கிழமை பாதிப் பென்சன்காரர் வந்தார்கள். தாயும் மகளும். தாய் போட்டிருந்த சப்பாத்தில் ஒரு துளி சேறு இல்லை. லாயத்துக்கு அப்படி யார் வருவார்கள்? மகளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். பல்லில் கம்பி. “பிஸ்கொத்! பிஸ்கொத்!” என்று கூப்பிட்டாள். குதிரை வைக்கோலில் இருந்து முகத்தை எடுக்கவில்லை. அல்போன்சம்மா கதவடியில் நின்று, சத்தமே போடாமல், “விசுக்கோத்து” என்றார். இரண்டு காதும் திரும்பின. பிறகு தலை திரும்பியது. அவருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெருமையை மறைக்கத் தெரியாத மனுசி.

மேசையில் கடதாசி வந்தது. ஆங்கிலத்தில்தான். அல்போன்சம்மா விரல் வைத்து வாசித்தார். செவ்வாய், வியாழன், சனி அந்தப் பிள்ளையின் நாட்கள். அந்த நாட்களில் சொந்தக்காரர் லாயத்துக்கு வரக்கூடாது. குதிரை புது ஆளுக்குப் பழகவேண்டுமாம். விரல் அந்த இடத்தில் நின்றது.

“சற்றடே இஸ் மை டே.”

தாய் சிரித்துக்கொண்டு, சனிக்கிழமைதான் மகளின் சவாரி வகுப்பு, அதை மாற்ற முடியாது, ஞாயிறு வெறும் நாள்தானே என்றார்.

“சண்டே இஸ் கோட்ஸ் டே!”

மடம் லிஸ் கூரையைப் பார்த்தார். ஆனால் முடிவு சொல்ல வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் நேரம் என்றார். அதற்குள் கையெழுத்து வராவிட்டால் கிழவருக்கே கொடுத்துவிடலாம். நவம்பரில் முழுச் செலவையும் அல்போன்சம்மாவால் தனியாகக் கட்ட முடியாது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

காருக்குள் ஏறினவுடன் தொடங்கினார். “என்ர குதிரையைப் பாக்க எனக்கே நாள் குறிக்கினமோ? திங்களிலை இருந்து வெள்ளி மட்டும் நான் மூடி பாக்கவேணும். சனி அவைக்கு. ஞாயிறு பூசை. அப்ப விசுக்கோத்தை நான் எந்த நாளிலை பாக்கிறது? பெப்ரவரி முப்பதாந் திகதியோ? வித்தாலும் பாக்கேலாது, விக்காட்டிலும் பாக்கேலாது. இது என்ன நியாயம்?”

உண்மையிலேயே என்ன நியாயம்? குளம்பு தோண்டுகிறவருக்கு உரிமை இல்லை, சேறு படாத சப்பாத்துக்காரிக்கு மூன்று நாள் உரிமை. காசு பாதி கொடுத்தால் குதிரையில் நல்ல பாதியை எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தக் கிழமை முழுவதும் எங்கள் கட்டடத்தில் யாருக்கும் நிம்மதி இல்லை. குப்பையைப் பிழையான நாளில் வைத்ததற்கு ஏச்சு. தபாற்காரருக்கு ஏச்சு. பங்குச் சுவாமியாருக்கும் கிடைத்தது. ஞாயிறு பூசைக்கு வர முடியாதவர் என்ன செய்வது என்று, யாருக்கோ கேட்பது போல அவரிடம் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை பின்னேரம் பிரெஞ்சுப் பூசை இருக்கிறது, அதைக் கண்டாலும் செல்லும் என்று சுவாமியார் சொல்லியிருக்கிறார்.

“செல்லுமாம்! அப்ப இவ்வளவு காலமும் நான் சனத்தை ஏசினது? அதை ஒருநாள் முந்திச் சொல்லியிருக்கலாம்தானே சுவாமி?”

புதன்கிழமை பின்னேரம் என் குசினிக்குள் வந்து உட்கார்ந்து, கேளாமலே என் வெங்காயத்தை வெட்டத் தொடங்கினார்.

“அந்தப் பெட்டை குளம்பைத் தூக்கிப் பாத்தவள். கண்டனீரோ?”

“கண்டனான்.”

“பாத்திட்டுக் காலைப் பதனமாக் கீழை வைச்சவள். தொப்பெண்டு போடேல்லை.”

“ஓம் அக்கா.”

இன்னும் இரண்டு வெங்காயம் வெட்டினார். “பல்லிலை கம்பி. பாவம், கரட் கடிக்கேலாது. இனிப்போ இல்லையோ எண்டு அவளுக்கு என்னெண்டு தெரியும்? தாய் பாத்து வாங்குவாவோ? அந்தச் சப்பாத்தோடை அவ மரக்கறிக் கடைக்குப் போவாவோ?”

வெங்காயத்தால் வந்த கண்ணீரை வெங்காயம் வெட்டின கையாலேயே துடைத்து, இன்னும் எரிய வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வேலையில் அரை நாள் லீவு எடுத்தார். என் காரில்தான் போனோம். கடதாசியில் நாட்களுக்குப் பெட்டி போட்டிருந்தார்கள். செவ்வாய், வியாழன், சனி என்ற மூன்று பெட்டிக்குள்ளும் அந்தப் பிள்ளையின் பெயரை மடம் லிஸ் எழுதினார். பிறகு பேனையை நீட்டினார். அல்போன்சம்மா ஞாயிற்றுக்கிழமைப் பெட்டிக்குள் தன் முழுப் பெயரையும், பெட்டியை விட்டு வெளியே போகிற அளவு பெரிதாக, எழுதினார். கையெழுத்து வைத்தார். பேனையைத் திருப்பிக் கொடுக்காமல், அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி சேர்த்தார். ‘கரட்டை நீளமாகக் கீறவும். வட்டமாக வெட்டக்கூடாது.’

அது என்ன என்று மடம் லிஸ் கேட்டார்.

“இம்போர்ட்டன்ட்” என்றார் அல்போன்சம்மா. “அந்தப் பெட்டைக்குச் சொல்லுங்கோ, தமிழ் படிக்கச் சொல்லி.”

நவம்பர் முதல் ஞாயிறு. பால் வாங்க மூலையில் இருக்கிற டெப்பனர் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தமிழ்ப் பூசை நடக்கிற கோயிலுக்கு நேரே, தெருவின் இந்தப் பக்கத்தில், மெற்றோவுக்குப் போகிற பஸ்ஸின் தரிப்பு. ஞாயிற்றுக்கிழமையில் பஸ் குறைவு; பூசை முடிந்து போனால் இருட்டுக்கு முன் திரும்பிவர முடியாது. ஒளித்துப் போக வசதியான நேரத்தில் ஒன்றும் இல்லை. ரப்பர் சப்பாத்தும் இரண்டு சோடி காலுறையுமாக அல்போன்சம்மா அங்கே நின்றார். எதிர்ப் பக்கத்தில் சேலையும் கோட்டுமாகச் சனம் படியேறிக்கொண்டிருந்தது. ஏறினவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பக்கத்தில் நின்றவர்களை இடித்துக் காட்டினார்கள். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. பைக்குள் இருந்து ஒரு கரட்டை எடுத்து, கையில் துடைத்து, நுனியைக் கடித்தார்.

“அல்போன்சாக்கா!” அருமைநாதன்தான். கோயில் படியில், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, முழுத் தெருவுக்கும் கேட்கக் கூப்பிட்டார். “ஆண்டவர் முழு நாளும் கேக்கேல்லை அக்கா. ஒரு மணித்தியாலம்தானே!”

படியில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அல்போன்சம்மாவின் வாயைப் பார்த்தேன். அந்த வாயில் இருந்து என்ன வரப்போகிறது, அருமைநாதன் எப்படி அதைச் சுமந்துகொண்டு பூசைக்குள் போகப்போகிறார் என்று காத்திருந்தேன்.

வாய் திறக்கவில்லை. கடித்த துண்டை மென்றுகொண்டிருந்தது. உள்ளே மணி அடித்தது. அருமைநாதனும் மற்றவர்களும் அவசரமாக நுழைய, கோயில் கதவு சாத்தப்பட்டது. பஸ் மூலையால் திரும்பி வந்து நின்றது. அல்போன்சம்மா ஒரு காலைப் பஸ் படியில் வைத்தார். பிறகு சாத்தியிருந்த அந்தக் கதவின் பக்கம் திரும்பி, கரட் பிடித்திருந்த கையாலேயே நெற்றியிலும் நெஞ்சிலும் இரண்டு தோளிலும் தொட்டுச் சிலுவை போட்டுவிட்டு ஏறினார்.